தரையில் ஆம்புலன்ஸ், வானில் மருத்துவ விமானம்: பணிக்குழுவின் பக்கமிருந்து

நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது "எது சீக்கிரம் போகும்?" என்றுதான். வண்டியிலும் விமானத்திலும் வேலை செய்பவர்களுக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: நடுவழியில் நிறுத்த முடியுமா? சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் போகும்போது நோயாளியின் மூச்சுக்குழாய் டியூப் நழுவிவிட்டால், ஓட்டுநரிடம் சொல்லி ஓரமாக நிறுத்தலாம். இன்னொரு வண்டியை உதவிக்கு அழைக்கலாம். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குத் திருப்பலாம். வங்காள விரிகுடாவுக்கு மேல் 41,000 அடியில் இதில் ஒன்றும் நடக்காது. விமானத்தில் இருக்கும் மருத்துவர், தாதி, பையில் இருக்கும் பொருள், சிலிண்டரில் மீதமுள்ள ஆக்சிஜன், அவ்வளவுதான் மருத்துவமனை. எதை எடுத்துப்போவது, எதை எங்கே செய்வது, யாரை ஏற்ற மறுப்பது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகின்றன.

முதலில் சிங்கப்பூர் நிலவரம். 995 அழைத்தால் வருவது குடிமைத் தற்காப்புப் படையின் வண்டி. அவசரமில்லாத நிலைக்கு 1777. மருத்துவமனைக்கு மருத்துவமனை மாற்றுவதும், விமான நிலையத்திலிருந்து நோயாளியைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் தனியார் ஆம்புலன்ஸ்களின் வேலை. 2023 முதல் இவற்றுக்குச் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். அதில் அவசர ஆம்புலன்ஸ் சேவை, மருத்துவப் போக்குவரத்துச் சேவை என்று இரண்டு வகை. டயாலிசிஸுக்குப் போய்வரும் பெரியவருக்கு இரண்டாவது போதும். வென்டிலேட்டரில் இருப்பவரை அதில் ஏற்றக் கூடாது.

தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27. இந்த அளவுக்குள் ஹெலிகாப்டர் தேவைப்படுவதில்லை. இறங்க இடம் தேடி, இறக்கி, மறுபடி வண்டியில் ஏற்றும் நேரத்துக்குள் சாலைவழியே போய்ச் சேர்ந்துவிடலாம். ஹெலிகாப்டர் பயன்படுவது கடலில். கப்பலில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் செம்பவாங்கிலிருந்து ஆகாயப் படையின் மீட்பு ஹெலிகாப்டர் போகும். கேபினில் அழுத்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் தாழ்வாகப் பறப்பதால் காற்றழுத்தம் பெரிய தொல்லை தருவதில்லை. தொல்லை சத்தமும் அதிர்வும்தான். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது. கையில் கட்டும் இரத்த அழுத்தப் பட்டை அதிர்வில் தப்பும் தவறுமாகக் காட்டும். அலாரம் ஒலியை நம்ப முடியாததால் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கம்பிவடத்தில் இறங்கிவரும் கொக்கி முதலில் கப்பல் தளத்தையோ தண்ணீரையோ தொடட்டும், அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும். சுழலும் விசிறிகள் சேர்த்துவைத்த நிலைமின்சாரம் முதலில் தொடுபவர் மேல்தான் இறங்கும்.

இந்தப் பதிவில் நான் விரிவாகப் பேச நினைப்பது ஜெட் விமானத்தைப் பற்றி. சிலேத்தார் விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். மருத்துவப் பயணத்துக்குப் பயன்படும் சிறிய ஜெட்களுக்கு அது போதும். அங்கிருந்து ஜகார்த்தா சுமார் 900 கிலோமீட்டர், பாலி 1,700, யங்கோன் 1,900, சென்னையும் டாக்காவும் 2,900 அளவில், மாலத்தீவு 3,400. சென்னைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் படுக்கையிலிருந்து படுக்கைக்குக் கணக்கிட்டால் அது ஏழு மணி நேரமாகிவிடும். வீட்டாரிடம் நான்கு மணி என்று சொல்லிவிட்டு ஆக்சிஜனையும் நான்கு மணிக்கே கணக்குப் போடுகிற இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

அழுத்தத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தரையில் மட்டும் வேலை செய்து பழகியவர்களுக்கு இது புலப்படுவதில்லை. விமானம் 41,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் காற்று 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம் 8,000 அடியில் ஏறத்தாழ 565. இதனால் இரண்டு காரியம் நடக்கிறது.

ஒன்று, ஆக்சிஜன் குறைகிறது. காற்றில் 21 சதவீதம் என்பது மாறவில்லை, தள்ளும் அழுத்தம்தான் குறைந்துவிட்டது. உள்ளே இழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 150-லிருந்து 109-க்கு இறங்கும். நல்ல உடம்புக்காரருக்கே விரல்நுனி ஆக்சிஜன் அளவீடு 90-களின் தொடக்கத்துக்கு வரும். தரையில் 40 சதவீத ஆக்சிஜனில் சமாளிக்கும் நோயாளிக்கு அங்கே 55 சதவீதம் வேண்டும். கணக்கு எளிது: தரையில் கொடுக்கும் சதவீதத்தை 713-ஆல் பெருக்கி 518-ஆல் வகுக்கவும். 713 என்பது 760-இல் நீராவியின் 47 போக மீதி, 518 என்பது 565-இல் அதே 47 போக மீதி. இதே கணக்கில் தரையில் 75 சதவீதம் தேவைப்படுபவருக்கு விடை நூற்றைத் தாண்டும். அதாவது தூய ஆக்சிஜன் கொடுத்தாலும் அவர் தரையில் இருந்த நிலைக்கு வரமாட்டார். இந்தக் கணக்கை நோயாளியின் படுக்கை அருகிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். ஓடுபாதையில் போட்டால் காலம் கடந்துவிடும்.

இரண்டாவது, அடைபட்ட காற்று விரிகிறது. 8,000 அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரியும். நுரையீரலுக்கு வெளியே நெஞ்சில் சிக்கிய சிறிய காற்று, மண்டையோட்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கிய காற்று, அடைபட்ட குடல், கண்ணில் மருத்துவர் வைத்த வாயு எல்லாமே பெரிதாகும். நெஞ்சில் காற்று இருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டினால், அது எவ்வளவு சிறியதானாலும் கிளம்பும் முன்பே அதை வெளியேற்ற நெஞ்சில் டியூப் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1.3 மீட்டர் உயரக் கேபினில் மண்டியிட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்ய நேரக் கூடாது. டியூப்பின் வெளிமுனையில் தண்ணீர்ப் போத்தலுக்குப் பதில் ஒருவழி ஹைம்லிக் வால்வு போடுவது நல்லது. போத்தல் சாய்ந்தாலோ ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது நெஞ்சு மட்டத்துக்கு மேலே போனாலோ தண்ணீர் நெஞ்சுப் பக்கம் திரும்பிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று டியூப்பைக் கிடுக்கி போட்டு மூடுகிறவர்கள் உண்டு. விமானம் ஏறும்போது அதைவிட ஆபத்தான செயல் கிடையாது.

மூச்சுக்குழாய் டியூப்பைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் குமிழ்ப்பையும் இதே விதிக்குள் வரும். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் சரியான அளவு. ஏறும்போது 30-ஐத் தாண்டி மூச்சுக்குழாய்ச் சுவரை நெரிக்கும். இறங்கும்போது சுருங்கிக் காற்று கசியும். அழுத்தமானியை வைத்து ஏறும்போதும் பறக்கும்போதும் இறங்கும்போதும் பார்ப்பதே எளிய வழி. விரலால் அழுத்திப் பார்த்து மதிப்பிடுவதை நம்ப முடியாது. வயிற்றுக் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். புதிதாகப் போட்ட மாவுக்கட்டை நெடுக வெட்டிப் பிளந்து வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சி இறுக வைக்கும் வெற்றிட மெத்தைக்கு நேர்மாறான தொல்லை. தரையில் கல் போல இறுகி இருந்தது மேலே போனதும் தளர்ந்துவிடும். முதுகெலும்பு முறிந்தவர் என்றால் உயரம் எட்டியதும் மறுபடி உறிஞ்சி இறுக்க வேண்டும்.

மேலே சொன்ன, உடம்பில் காற்று அடைபட்ட நோயாளிகளுக்கும், ஆழ்கடலில் மூழ்கி எழுந்து உடம்பில் வாயுக்குமிழ் தங்கியவர்களுக்கும் கடல்மட்ட அழுத்தத்தில் பறக்கச் சொல்லி விமானியிடம் கேட்கலாம். அதற்கு விலை உண்டு. கேபினுக்கும் வெளிக்கும் 9 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு) அழுத்த வேறுபாடு தாங்கும் விமானம், உள்ளே கடல்மட்டத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 24,000 அடி வரைதான் ஏறலாம். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி அதிகம், எரிபொருள் கூடச் செலவாகும், தூரம் குறையும். நேராக வந்திருக்கக்கூடிய பயணத்தில் எரிபொருளுக்காக ஓரிடத்தில் இறங்க வேண்டிவரலாம். ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமும் நோயாளிக்கு இன்னொரு சோதனை. ஆகவே விலைப்பட்டியல் கொடுக்கும் முன்பே மருத்துவரும் விமானியும் பேசிவிட வேண்டும்.

இனி ஆக்சிஜன் கணக்கு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர், கருவியின் செலவும் கசிவும் சேர்த்து 10 என்று வைப்போம். 50 சதவீதம் மட்டும் கொடுத்தால் சிலிண்டரிலிருந்து உண்மையில் போவது 4 லிட்டருக்குள். ஆனால் நடுவழியில் அவர் நிலை மோசமானால் நூறுக்கு ஏற்ற வேண்டும். அதனால் நூறுக்கே கணக்கிடுவோம். 10 லிட்டர், 60 நிமிடம், 7 மணி நேரம்: 4,200 லிட்டர். அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்தால் 6,300. விமான ஸ்ட்ரெச்சரின் அடித்தளத்தில் இருக்கும் தொட்டி சுமார் 3,000 லிட்டர் என்றால், 680 லிட்டர் கொள்ளும் 'ஈ' (E) அளவு சிலிண்டர்கள் ஐந்து கூட வேண்டும். அத்தகைய சிலிண்டரின் அளவுமானி முள் பாதியில் நின்றால் 340 லிட்டர், 34 நிமிடம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஒரு விஷயம் தெளிவாகும்: மூக்குவழி உயர் ஓட்ட ஆக்சிஜனில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வாங்கிக்கொண்டிருப்பவர் மணிக்கு 3,600 லிட்டர் குடிப்பார். முழு விமானத்தின் தொட்டியும் ஒரு மணி நேரம் தாங்காது. அவரை அப்படியே ஏற்ற முடியாது. முகமூடி வென்டிலேட்டருக்கோ டியூப்புக்கோ மாற்றிய பிறகே கிளம்ப வேண்டும். வீட்டாருக்கு இது கேட்கக் கடினமாக இருக்கும். "பேசிக்கொண்டிருந்தாரே, ஏன் மயக்க மருந்து?" என்பார்கள். உட்காரவைத்து இந்த எண்களைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் பாதி வேலையை வழியில் செய்யலாம். விமானப் பயணத்தில் எல்லாம் நோயாளியின் படுக்கையருகே முடிந்திருக்க வேண்டும். எங்கள் வென்டிலேட்டரில் போட்டு 15 அல்லது 20 நிமிடம் காத்திருந்து இரத்த வாயுப் பரிசோதனை பார்ப்போம். நரம்பூசி குறைந்தது இரண்டு, இரண்டிலும் மருந்து ஓடுகிறதா என்று பார்ப்போம். டியூப் பற்களருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதிவைப்போம். சிரிஞ்சு பம்ப் மாற்றுவதில்தான் மிகக் கவனம் வேண்டும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நோரட்ரினலின் மருந்தை நிறுத்தினால் ஓரிரண்டு நிமிடத்தில் அழுத்தம் சரியும். அங்குள்ள மருத்துவமனை 50 மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம் கலந்திருக்கும், நம்முடையது 8 மில்லிகிராமாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து "மணிக்கு 10" என்று நம் பம்ப்பில் வைத்தால் இரண்டு மடங்கு போகும். மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லாமல், கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லிக் கைமாற்ற வேண்டும். புதிய பம்ப்பை ஓடவிட்டு அழுத்தம் நிலைத்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும். டிரிப்பைச் சொட்டுக் கணக்கில் விடுவதும் கண்ணாடிப் போத்தலும் மேலே உதவாது. பிளாஸ்டிக் பையும் பம்ப்பும்தான்.

இட வசதியில் ஆம்புலன்ஸ் எப்போதும் மேல். எழுந்து நிற்கலாம், தலைப்பக்கம் உட்கார்ந்து டியூப் போடலாம். லியர்ஜெட் 35 போன்ற ஜெட்டில் நிமிர முடியாது. நோயாளியின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், அந்தப் பக்கக் கையில் ஊசி இருந்தால் எட்டாது. எட்டும் பக்கத்துக்கு ஊசியை மாற்றிக்கொண்டு ஏற வேண்டும். இதயம் நின்றால் மார்பு அழுத்தம் கொடுப்பது கைகளால் ஒழுங்காக நடக்காது. இயந்திரம் இருந்தால் முன்கூட்டியே முதுகுத்தட்டை நோயாளிக்குக் கீழே வைத்துவிடலாம். கேபின் காற்று வறண்டது. டியூப்பில் ஈரம் காக்கும் வடிகட்டி, கண்ணுக்குக் களிம்பு, இரண்டையும் மறக்கக் கூடாது.

மின்சாரம் இன்னொரு சிக்கல். விமானத்தில் 28 வோல்ட் நேர்மின்சாரம், மாற்றியின் வழியாகக் கருவிகளுக்கு வரும். ஆம்புலன்ஸ் மாற்றி 230 வோல்ட் தரும். இந்தோனேசியாவில் செருகி இரண்டு உருளை முனை, இங்கே மூன்று சதுர முனை, இந்தியாவில் மூன்று உருளை முனை. ஐசியுவில் பேசிக்கொண்டிருக்கும் இருபது நிமிடத்தில் பம்ப்புகளை மின்னேற்றிக்கொள்ள முடியாமல் போவது ஒரு சிறிய செருகி மாற்றி இல்லாததால்தான். ஆக்சிஜன் சுவர்வாயின் அமைப்பும் நாட்டுக்கு நாடு வேறு. பையில் இவை இருக்க வேண்டும், பையின் எடையும் விமானிக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சிறிய விமானத்தில் எடை கூடினால் எரிபொருள் குறைக்கப்படும்.

வேகம் கூடுவதும் குறைவதும் படுத்திருப்பவரின் இரத்தத்தை நகர்த்தும். தலை முன்பக்கம் வைத்துப் படுத்தவருக்கு விமானம் கிளம்பும்போது இரத்தம் கால் பக்கம் போகும், தரையிறங்கிப் பிரேக் போடும்போது தலைக்கு ஏறும். மூளை வீக்கம் உள்ளவருக்குத் தலையை 30 பாகை உயர்த்தி, ஓடுபாதையை நீளமாகப் பயன்படுத்தி மெதுவாக நிறுத்தும்படி விமானியைக் கேட்கலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடமும் இதையே கேட்க வேண்டும், ஆனால் பலர் கேட்பதில்லை. நான்கு மணி நேரம் அவ்வளவு பத்திரமாக வந்தவரை மத்திய விரைவுச்சாலையில் சைரன் போட்டுக் குலுக்கிக் கொண்டுபோவதில் பயனில்லை. நிலையாக இருக்கும் ஐசியு நோயாளிக்குச் சீரான ஓட்டமே மருந்து. ஐரோப்பிய ஆம்புலன்ஸ் தரமான ஈஎன் 1789, உள்ளே பொருத்தியவை பத்து மடங்கு ஈர்ப்பு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. நோயாளியின் கால்களுக்கிடையே சும்மா வைத்த மானிட்டருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பெல்ட் கழற்றிவிட்டு நின்றுகொண்டு வேலை செய்பவருக்கும் அப்படித்தான்.

நான் மிகவும் அஞ்சும் இடம் வண்டியும் விமானமும் சந்திக்கும் அந்த இருபது மீட்டர். அங்கே ஒவ்வொரு குழாயும் இழுபடலாம். இங்கே அதோடு வெயிலும் இடியும் சேர்கின்றன. சிறிய ஜெட்கள் பலவற்றில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் துணை இயந்திரம் இல்லை. என்ஜின் நின்றால் குளிர்சாதனமும் நிற்கும். நண்பகலில் தளத்தில் நிற்கும் கேபின் அடுப்பாகிவிடும். தரைக் குளிரூட்டி வண்டி வந்துவிட்டதா என்று கேட்ட பிறகே நோயாளியை இறக்கச் சொல்ல வேண்டும். ரோக்குரோனியம், சக்சாமெத்தோனியம் போன்ற தசைத் தளர்வு மருந்துகள் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கட்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் விமானத் தளத்தில் வேலை நிற்கும், யாரும் வெளியே வரக் கூடாது. பிற்பகல் இடிமழையும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்றும் இங்கே வழக்கம். ஆகவே ஆம்புலன்ஸ் கொண்டுவரும் சிலிண்டர் ஓட்டும் நேரத்துக்கு மட்டும் போதுமானதாக இருக்கக் கூடாது. தளத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் போதுமானதாக இருக்க வேண்டும்.

தளத்தில் ஓட்டுநருக்கு வேறு ஒழுங்கு. விமானத்தின் சுழலும் சிவப்பு விளக்கு அணைந்து, சைகை கிடைக்கும்வரை நெருங்கக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் பின்னோக்கி ஓட்டக் கூடாது. நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஏற்றும்போது ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும், அவர் தலைப்பக்கம் டியூப்பைப் பிடித்திருப்பவர். ஒவ்வொரு தூக்கலுக்குப் பிறகும் கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. மார்ஃபின், ஃபென்டனில், கெட்டமின் ஆகியவற்றின் அனுமதித் தாள்கள், எல்லாருடைய கடப்பிதழ்கள், ஏற்கும் மருத்துவமனையில் படுக்கை உறுதியான செய்தி ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். படுக்கை உறுதியாகாமல் கிளம்பினால் அந்தத் தாமதம் விமானிகளின் பணிநேர வரம்பைத் தின்றுவிடும்.

வழக்கமான பயணிகள் விமானத்தில் பின்வரிசை இருக்கைகளை மடித்து, அவற்றின் மேல் ஸ்ட்ரெச்சர் வைத்துக் கொண்டுபோவதும் உண்டு. செலவு மிகக் குறைவு. பக்கவாதம் வந்து நிலைப்பட்டவரைத் திருச்சிக்கோ சென்னைக்கோ ஊருக்கு அழைத்துப்போக நினைக்கும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அதுவே ஏற்றது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அது ஒத்துவராது. புறப்படும் நாளுக்கு முன்பே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கியை அளந்து பார்க்கவும். சில பழைய மின்தூக்கிகளில் ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுத்த நிலையில் நுழையாது. உட்காரவைத்தால் இரத்த அழுத்தம் தாங்குமா என்று முந்தைய நாளே தாதியை வைத்துச் சோதித்துவிடலாம்.

விமானத்தை ஏற்பாடு செய்யும் குடும்பத்தார் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: உடன் வருவது மருத்துவரா, அவர் ஐசியுவில் வேலை செய்தவரா? எத்தனை லிட்டர் ஆக்சிஜன் எடுத்துவருகிறீர்கள், எத்தனை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டீர்கள்? கேபின் உயரம் எவ்வளவு வைக்கப்போகிறீர்கள், வழியில் எரிபொருளுக்கு இறங்குவீர்களா? அதே குழு மருத்துவமனைப் படுக்கை வரை வருமா, விமானத்தின் படியிலேயே ஒப்படைத்துவிடுமா? இரண்டு முனையிலும் வரும் ஆம்புலன்ஸ் யாருடையது, அதில் வென்டிலேட்டருக்கு ஆக்சிஜன் வாய் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "அங்கே ஏதாவது ஒரு வண்டி வரும்" என்று பதில் வந்தால், அந்த வண்டியின் விவரம் கையில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.